ஆற்றோடு போன கோட்டையும் அல்பெரூனியும்

அல்பெரூனி என்றதும் பலருக்கு நினைவு வருவது இந்தியாதான். சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்.

ஆனா அதற்குச் சுமார் 30 ஆண்டுக்கு முன்பே அவர் இன்னொரு நாட்டைப் பற்றி எழுதிவிட்டார். அது அவருடைய சொந்த நாடு: குவாரஸம்.

எங்கே இருக்கு அந்த நாடு?

இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் எல்லைப் பக்கம். சுற்றிலும் பாலைவனம், நடுவில் அமு தாரியா ஆறு.

ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, மணலுக்கு நடுவே விவசாயம் செய்தார்கள். தண்ணீரும் தானியமும் இருக்கும் இடத்தைத் தேடி எதிரியும் வருவான், இல்லையா? அதனால் பாலைவன ஓரத்தில் வரிசையாகக் கோட்டை கட்டினார்கள். எல்லாம் மண்ணும் மண் செங்கல்லும்தான். சுவருக்குள்ளேயே ஆள் நடக்க வழி, அம்பு எய்ய நீளமான துளைகள்.

அயாஸ் காலா, தோப்ராக் காலா எல்லாம் இன்னும் நிற்கின்றன. சிலவற்றுக்கு 2,000 ஆண்டுக்கும் மேல் வயது. அந்த வட்டாரத்தின் பெயரே எல்லிக் காலா. ஐம்பது கோட்டை என்று அர்த்தம்.

அல்பெரூனி பார்த்தது என்ன?

973இல் தலைநகர் காத்தில் பிறந்தார். ஊருக்கு வெளியே அல்ஃபீர் என்ற பழைய கோட்டை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோட்டைகள், அவற்றுக்கு மேலே அரண்மனை. பத்து மைலுக்கு அப்பாலிருந்தே தெரியுமாம்.

எதிரியிடம் தப்பிய அந்தக் கோட்டை ஆற்றிடம் தப்பவில்லை. நாட்டுக்குச் சோறு போட்ட அதே அமு தாரியா, கரையை அரித்து அரித்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டையைக் கொண்டுபோனது. 994 வாக்கில் மிச்சமிருந்ததும் போச்சு. அல்பெரூனிக்கு அப்போ வயது 21.

அடுத்த ஆண்டே அரச வம்சமும் போனது. குர்கஞ்ச் நகரை ஆண்டவர் காத்தைப் பிடித்தார், மன்னர் கொல்லப்பட்டார். அல்பெரூனி ஊரைவிட்டு ஓடினார்.

காஸ்பியன் கடல் பக்கம் குர்கானில் தஞ்சம் கிடைத்தது. அங்கே, 1000ஆம் ஆண்டு வாக்கில், பல இனங்களின் நாள்காட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் குவாரஸத்தின் மாதப் பெயர்கள், திருவிழாக்கள், மன்னர் பட்டியல், காணாமல் போன அந்தக் கோட்டை எல்லாமே இருக்கு.

வேறு யாரும் எழுதலையா?

அவர் சொல்லும் காரணம் கொடுமையானது. 712இல் அரபுத் தளபதி குதைபா படையெடுத்து வந்தபோது, குவாரஸ எழுத்தும் வரலாறும் தெரிந்தவர்களை அழித்துவிட்டார் என்று அவர் எழுதுகிறார்.

இதில் இன்னொன்று. அல்பெரூனியின் தாய்மொழி குவாரஸ மொழி. ஆனா அவர் எழுதியதோ அரபியில். தன் தாய்மொழி அறிவியலுக்குப் பொருந்தாது என்றே நினைத்தார். அந்த மொழி இன்று பேச்சில் இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

பிறகு நாடு திரும்பினார். அதுவும் நிலைக்கவில்லை. 1017இல் கஜினி முகமது குவாரஸத்தைப் பிடித்து, அவரைக் கஜினிக்குக் கொண்டுபோனார். இந்தியா பற்றிய நூலும், மலை உயரத்தை வைத்துப் பூமியின் அளவைக் கணக்கிட்டதும் அதற்குப் பிறகு நடந்தவை. சுமார் 1050இல் காலமானார்.

அவர் எழுதியது சரியா?

1937இல் தொடங்கி, சோவியத் ஆய்வாளர் செர்கேய் தோல்ஸ்தோவின் குழு இந்தக் கோட்டைகளைத் தோண்டியது. தோப்ராக் காலா அரண்மனையில் தோலிலும் மரத்திலும் எழுதிய குவாரஸ ஆவணங்கள் கிடைத்தன. ஒரு வீட்டில் எத்தனை ஆண்கள், அதில் யார் யார் அடிமை என்பது போன்ற சாதாரணப் பட்டியல்கள் அவற்றில் உண்டு.

நாணயங்களும் கிடைத்தன. சில மன்னர் பெயர்கள் அல்பெரூனியின் பட்டியலோடு பொருந்துகின்றன. சில பெயர்கள் அதில் இல்லவே இல்லை. 300 ஆண்டு கழித்து, காதில் விழுந்ததை வைத்து எழுதியவருக்கு இதுவே பெரிய விஷயம்.

காத் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன நகரம். அதன் பெயர் பெரூனி.