மூன்று சான்றுகள் கேட்ட ஆலன் விப்பிள்

வெறும் வயிற்றில் வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் எனத் தாங்கள் கூறும்போது மருத்துவர் எழுப்பும் மூன்று கேள்விகளை வகுத்தவர் ஆலன் விப்பிள். 1881-இல் பாரசீகத்தின் ஊர்மியாவில் அமெரிக்கச் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த அவர், பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் அக்காலத்தில் சிலருக்கு வயிறு திறக்கப்பட்டது, கட்டி அகப்படவில்லை. ஆகவே 1930-களில் விப்பிள் சான்றுகள் கேட்டார்: உண்ணாதிருக்கையில் அறிகுறிகள் தோன்ற வேண்டும், அவ்வேளையில் இரத்தச் சர்க்கரை 50 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், குளுக்கோஸ் அளித்தவுடன் தெளிவு பிறக்க வேண்டும்.

சர்க்கரை குறைகையில் நலமான உடலில் இன்சுலின் சுரப்பு அடங்கும். குளுக்ககானும் அட்ரினலினும் கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடும். கட்டியோ அடங்குவதில்லை. வியர்வையும் படபடப்பும் உடலின் எச்சரிக்கை. குழப்பமும் வலிப்பும் மூளையின் பட்டினி. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் எச்சரிக்கையே மங்கிவிடும். அந்நிலையில் மாற்றத்தை முதலில் காண்பவர் உடனிருப்பவரே. அதனை மனநோய் என்றோ குடிபோதை என்றோ பிறர் கருதிவிடுவதும் உண்டு. எனவே நேரத்தையும் இறுதியாக உண்ட வேளையையும் குறித்து வையுங்கள்.

கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் பெரிய அறுவையும் அவர் பெயரையே தாங்குகிறது. எனினும் அஞ்ச வேண்டா: பெரும்பாலான இன்சுலின் கட்டிகள் சிறியவை, புற்றல்லாதவை, அவற்றுக்கு அவ்வறுவை தேவைப்படுவது அரிது. விப்பிள் 1963-இல் மறைந்தார்.