திரும்பி வந்த பாதிரியார்

1939-ம் ஆண்டு ஜூன் மாதம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே ஒரு வேதக் கல்லூரியின் விருந்தினர் அறையில் 33 வயது ஜெர்மன் பாதிரியார் ஒருவர் தங்கியிருந்தார். அவருக்கு வேலை தயாராக இருந்தது. நண்பர்கள் அன்பாகக் கவனித்தார்கள். போலீஸ் பயம் கிடையாது. ஆனால் நிம்மதி மட்டும் இல்லை.

ஹிட்லரின் பிடியில் இருந்து அவரைக் காப்பாற்றத்தான் கிறிஸ்தவ நண்பர்கள் அங்கே வரவழைத்திருந்தார்கள். ஜெர்மனிக்குத் திரும்பினால் ஆபத்து என்று எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அது அவருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒரு மாதம் முடிவதற்குள் அவர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்!

யார் அவர்? ஏன் திரும்பினார்?

பெரிய வீட்டுப் பிள்ளை

அவர் பெயர் டீட்ரிச் போன்ஹோபர். 1906-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ஜெர்மனியில் பிரெஸ்லோ நகரில் பிறந்தார். (இப்போது அந்த நகரம் போலந்து நாட்டில் இருக்கிறது.) தந்தை புகழ்பெற்ற மனநோய் மருத்துவர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். டீட்ரிச்சுடன் இரட்டையாகப் பிறந்தவள் சபீன் என்ற தங்கை.

படிப்பில் அவர் புலி. 21 வயதிலேயே வேத சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். இரண்டே நாளில் போன்ஹோபர் ரேடியோவில் பேசினார். மக்களை மயக்கும் தலைவனைப் பற்றி எச்சரித்தார். பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது.

விரைவில் மாதா கோவிலுக்குள்ளும் நாஜிகள் நுழைந்தார்கள். யூத வம்சத்தில் பிறந்தவர் பாதிரியாராக இருக்கக் கூடாது என்று விதி வந்தது. பலர் தலையாட்டினார்கள். போன்ஹோபர் எதிர்த்தார். சபீனின் கணவரும் யூத வம்சத்தில் பிறந்தவர்தான்.

ஒரு கண்டிப்புக் கடிதம்

தம் பக்கம் நிற்பவர்கள் மிகச் சிலரே என்று கண்ட போன்ஹோபர் மனம் தளர்ந்தார். 1933-ம் ஆண்டு அக்டோபரில் லண்டனுக்குப் போனார். அங்கிருந்த ஜெர்மன் சபைகளுக்குப் பாதிரியார் ஆனார்.

போன பிறகு, தாம் பெரிதும் மதித்த கார்ல் பார்த் என்ற வேத அறிஞருக்குக் கடிதம் எழுதினார். பார்த்திடம் இருந்து பதில் வந்தது. அது கடுமையான கண்டிப்பு! போராட்டம் நடக்கும் நேரத்தில் ஓடிப்போவது சரியல்ல, அடுத்த கப்பலிலேயே திரும்பி வா என்று அவர் எழுதியிருந்தார்.

போன்ஹோபர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்காக உடனே மூட்டை கட்டவும் இல்லை. லண்டனில் இருந்தபடியே வேலை செய்தார். ஜெர்மனியில் நடப்பதை பிஷப் பெல் முதலிய ஆங்கிலேயர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அப்போது அவருக்கு இந்தியா மீது ஆசை பிறந்தது. அடக்குமுறையை ஆயுதம் இல்லாமல் எதிர்ப்பது எப்படி என்று காந்தியடிகளிடம் கற்க விரும்பினார். அவருக்காக பிஷப் பெல் காந்திக்கு எழுதினார். காந்தியும் 1934 நவம்பரில், வந்து தம்முடன் தங்கலாம் என்று அழைப்பு அனுப்பினார்.

ஆனால் ஜெர்மனியில் இருந்து வேறொரு அழைப்பு வந்தது. ஹிட்லருக்குப் பணியாத கிறிஸ்தவர்கள் தனிச் சபை கண்டிருந்தார்கள். இளம் பாதிரியார்களுக்குப் பயிற்சி அளிக்க ஆசிரியர் தேவை என்றார்கள். போன்ஹோபர் இந்தியப் பயணத்தை விட்டார். 1935-ல் ஜெர்மனிக்குத் திரும்பினார்.

பின்கன்வால்டே என்ற ஊரில் பள்ளி நடந்தது. குருவும் சீடர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். 1937-ல் ரகசியப் போலீஸ் வந்து பள்ளியைப் பூட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய மாணவர்கள் 27 பேர் கைதானார்கள்.

போவதா, இருப்பதா?

1939-ல் யுத்த மேகம் சூழ்ந்தது. போன்ஹோபர் வயதுக்காரர்களைப் பட்டாளத்துக்கு அழைக்கத் தொடங்கினார்கள். ஹிட்லருக்காக அவர் துப்பாக்கி ஏந்த மாட்டார். மறுத்தாலோ மரண தண்டனை. அவர் மறுத்தால் அவருடைய சபை முழுவதும் அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகும்.

அமெரிக்க நண்பர்கள் நீபூரும் லேமனும் வழி செய்தார்கள். ஜூன் 12-ந் தேதி போன்ஹோபர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஜெர்மன் அகதிகளுக்கு ஊழியம் செய்யும் வேலை காத்திருந்தது. ஆனால் அந்த வேலையை ஏற்றால், ஹிட்லர் இருக்கும் வரை சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாது.

அவர் நினைவெல்லாம் மாணவர்களைப் பற்றியே இருந்தது. அவர்களுக்கு ஓடிப்போக அமெரிக்கா இல்லை. அவர்களை விட்டுவிட்டு இங்கே பத்திரமாக இருந்தால், யுத்தம் முடிந்தபின் எந்த முகத்தோடு போய் உபதேசம் செய்வது?

ஜூன் 20-ந் தேதி அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நண்பர்களுக்கு ஏமாற்றம். லேமன் தடுத்துப் பார்த்தார். பயனில்லை. வந்தது தவறு என்று போன்ஹோபர் நீபூருக்கு எழுதினார். அழைத்தவர்கள் மேல் பழி போடவில்லை. ஜூலை மாதத் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1-ந் தேதி யுத்தம் மூண்டது.

பாவமும் பொறுப்பும்

ஊரில் அவருக்கு இன்னொரு பாதை திறந்தது. அக்காள் கணவர் டோனானி, ராணுவ உளவு இலாகாவில் இருந்தார். அங்கேயே ஹிட்லரை ஒழிக்க ரகசியத் திட்டம் நடந்தது. போன்ஹோபரும் சேர்ந்தார். 1942-ல் 14 பேரை, பெரும்பாலும் யூதர்களை, சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்த முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கொலைக்கு உடந்தையாவது பாவம் அல்லவா? ஆம், பாவம்தான் என்றே அவர் நினைத்தார். அதைப் புண்ணியம் என்று பூசி மெழுகவில்லை. அந்தப் பழியைச் சுமக்கவும் தயாரானார்.

1943 ஜனவரியில் மரியா என்ற பெண்ணை மணப்பதாக நிச்சயம் ஆயிற்று. ஏப்ரல் 5-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். கல்யாணம் நடக்கவே இல்லை.

சிறையில் வாடும் பாதிரியார்களுக்காக அவருடைய சபையார் பெயர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். அந்தப் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. அவர் அரசியல் கைதி என்று கருதினார்கள்!

கிடைத்த வழியும் வேண்டாம்

1944 ஜூலை 20-ந் தேதி ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தது. அவன் தப்பிவிட்டான். பழி வாங்கும் படலம் தொடங்கியது.

ஜெயில் காவலர் ஒருவர் போன்ஹோபருடன் சேர்ந்து தப்பி ஓட முன்வந்தார். மாறுவேடத்துக்குத் தொழிலாளி உடையும், பணமும் குடும்பத்தார் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன் கிளாஸ் கைதானார். தாம் ஓடினால் அண்ணனுக்கும் பெற்றோருக்கும் தீங்கு வரும் என்று போன்ஹோபர் அஞ்சினார். திட்டத்தைக் கைவிட்டார்.

1945 ஏப்ரல் 9-ந் தேதி பிளாசன்பர்க் சிறை முகாமில் அவரைத் தூக்கில் போட்டார்கள். வயது 39. இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது. மாதம் முடியுமுன் ஹிட்லரும் செத்தான்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் முகப்பில் 1998 முதல் அவர் சிலை நிற்கிறது. அவர் சிறையில் எழுதிய கடிதங்களை உலகமெங்கும் படிக்கிறார்கள்.

ஆனால் பெர்லினில் இருந்த தாய் தந்தைக்கு மகன் இறந்த சேதியே பல மாதம் எட்டவில்லை. யுத்தம் முடிந்தபின் ஜூலை 27-ந் தேதி லண்டன் ரேடியோவைத் திருப்பினார்கள். ஓர் ஆலயத்தில் நடந்த நினைவு வழிபாடு ஒலிபரப்பாயிற்று. பிஷப் பெல் பேசினார். அவர் பேசியது தங்கள் மகன் டீட்ரிச்சைப் பற்றி என்பதை அந்த முதியவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள்.

அந்த யுத்தத்தின் முடிவில் அவர்கள் இழந்தது இரண்டு மகன்கள், இரண்டு மருமகன்கள்.