ஜேம்ஸ் ஸ்மித்ஸனும் அவர் எழுதிய உயிலும்

சொத்துடைய கனவான்கள் உயில் எழுதுங்கால் முதற் பாத்தியஸ்தன் இன்னான் என்று நிச்சயித்து, அவனுக்குப்பின் தர்மத்துக்கு ஏதேனும் உண்டா என்று யோசியாமலே கையொப்பமிட்டு விடுதல் வழக்கமாயிருக்கின்றது. இன்னான் சந்தானமின்றி இறந்தால் என்று எழுதுவதே அமங்கலமென்று அஞ்சுவோரும் உளர். அங்ஙனம் அஞ்சாது எழுதிய ஒருவரது சரித்திரத்தை நமது சங்கத்தார்க்குச் சொல்ல விரும்புகின்றோம்.

ஜேம்ஸ் ஸ்மித்ஸன் 1765-ஆம் வருஷத்தையொட்டிப் பாரிஸ் நகரிற் பிறந்தவர். தந்தை இங்கிலாந்தின் பெரும் பிரபுக்களில் ஒருவராகிய நார்தம்பர்லாந்து கோமகன். தாய் எலிஸபெத் மேஸி என்னும் செல்வச் சீமாட்டி. இருவர்க்கும் விவாகம் நடந்ததில்லை. ஆதலால் தந்தையின் பட்டமும் பெருமையும் இவருக்கு எட்டாதனவாயின. தாயார் இறந்தபின்னரே தந்தையின் பூர்வ நாமமாகிய ஸ்மித்ஸன் என்பதை வைத்துக்கொண்டார்.

ஆக்ஸ்போர்டில் 1786-இல் பட்டம் பெற்று, மறுவருஷமே ராயல் ஸொஸைட்டியில் அங்கத்தினரானார். ரஸாயனமும் கனிஜ சாஸ்திரமுமே அவரது வாழ்நாள் உழைப்பு. துத்தநாகம் எடுக்கும் கற்களை அவர் ஆராய்ந்தமையால் அவற்றுளொன்று ஸ்மித்ஸனைட் என்று இன்றும் வழங்குகின்றது. விவாகம் செய்துகொள்ளவில்லை, ஐரோப்பாவில் ஊர்ஊராக வசித்து, 1829-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி ஜெனோவாவிற் காலமானார்.

இனி உயிலுக்கு வருவோம். அது 1826-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் எழுதப்பட்டது. பழைய வேலைக்காரர் ஒருவருக்கு வருஷாந்தரத் தொகை ஏற்படுத்தி, பெருஞ்சொத்தின் வருமானத்தைத் தம் தாய்வயிற்றுச் சகோதரரின் மகனாகிய ஹென்றி ஹங்கர்போர்டுக்கு ஆயுள்வரை வைத்தார். அவருக்குப்பின் அவர் மக்களுக்கு. அம்மக்கள் விவாகத்திற் பிறந்தவராயினும் அல்லராயினும் சரியே. (இவ்வரியை எழுதுகையில் தம் பிறப்பை நினைந்திருப்பாரென்று நாம் ஊகிக்கின்றோம்.) அம்மகன் மக்களின்றி இறந்தாலும், மக்கள் பிறந்து இருபத்தொரு வயது நிரம்புமுன் இறந்தாலும், உயில் எழுதாமல் இறந்தாலும், சொத்து முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேரவேண்டியது, வாஷிங்டன் நகரில் மனிதரிடையே அறிவை வளர்க்கவும் பரப்பவும் தம் பெயரால் ஒரு ஸ்தாபனம் அதைக்கொண்டு நிறுவப்படவேண்டியது. அந்நாட்டை அவர் கண்ணாலும் கண்டவரல்லர். காரணமும் எழுதி வைக்கவில்லை.

வாலிபராகிய ஹங்கர்போர்டுக்குப் பின் அச்சொத்து இத்தனை வாசல்களையும் கடந்து தர்மத்தை அடையுமென்று அன்று யார் எண்ணியிருப்பர்? ஆயினும் 1835-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் பைஸா நகரில் விவாகமும் மக்களுமின்றி இறந்தார். அந்த ஒரு வாசகம் மட்டும் இல்லாதிருந்தால் அவருக்குப்பின் சொத்து உறவினரின் வியாஜ்யங்களிற் கரைந்திருக்கும். ஹங்கர்போர்டின் தாயார் உரிமை கோரியே வந்தார். அவருக்கு ஜீவனாம்சம் கொடுப்பதற்காக 5,015 பவுனை இங்கிலாந்திலேயே நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஆனால் கொடை வாங்குவோருக்கே மனமில்லாதிருந்தது. அந்நிய நாட்டான் ஒருவனிடம் தானம் பெறுதல் தேச கௌரவத்துக்குக் குறைவென்று கால்ஹூன் முதலியோர் காங்கிரஸில் வாதித்தனர். 1836-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒருவாறு சம்மதம் கிடைக்க, ரிச்சர்டு ரஷ் என்பவர் லண்டனுக்கனுப்பப்பட்டுச் சான்ஸரி நீதிஸ்தலத்தில் வழக்காடி வென்றார். அந்நீதிஸ்தலத்தில் வழக்குகள் தலைமுறைக் கணக்கில் கிடந்தமையை அறிந்தோர், இரண்டு வருஷத்துக்குள் இது முடிந்ததை ஆச்சரியமென்றே சொல்வர். 1838-இல் 104,960 பொற்காசுகள் கப்பலேறி வந்தன. டாலர்க் கணக்கில் ஐந்து லக்ஷத்து எட்டாயிரத்துக்கு மேல்.

ஸ்மித்ஸனிடம் ஒரு குறையை நாம் மறைப்பதற்கில்லை. பாத்தியஸ்தர் இல்லாமற்போகும் விதங்களை அத்தனை நுட்பமாக எண்ணியவர், அமெரிக்கா மறுத்துவிட்டால் யாருக்கு என்பதை எழுதவேயில்லை. ஸ்தாபனம் இன்னது செய்யவேண்டுமென்றும் விவரிக்கவில்லை. இதனால் நேர்ந்தது யாது? சர்வகலாசாலையா, வானசாஸ்திர நிலையமா, புஸ்தகசாலையா என்று பல வருஷம் தர்க்கித்தார்கள். அதற்கிடையில் பணத்தின் பெரும்பகுதி ஆர்க்கன்ஸாஸ் முதலிய மாகாணங்களின் கடன் பத்திரங்களில் முடங்கி, வட்டியும் நின்றது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் முதுமையிலும் விடாது போராடி, முதலும் வட்டியும் அரசாங்கமே ஈடுசெய்யும்படி செய்தார். 1846-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்தாபனத்துக்குச் சட்டம் பிறந்தது. இன்று அது பல காட்சிசாலைகளையும் ஒரு மிருகசாலையையும் நடத்திவருகின்றது.

ஜெனோவாவில் ஸ்மித்ஸன் அடங்கிய இடுகாட்டைக் கல்வெட்டுச் சுரங்கம் விழுங்கத் தலைப்பட்டது. அப்போது டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், ஸ்தாபனத்தின் நிர்வாகிகளில் ஒருவராதலின், தாமே சென்று எலும்புகளை எடுத்துவந்தார். 1904-ஆம் வருஷம் ஜனவரியில் ஸ்மித்ஸன் முதன்முறையாக வாஷிங்டன் சேர்ந்தார்.