ஊரை உயிராகக் கண்டவர்

1896ஆம் ஆண்டு மும்பையில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. நோயைத் தடுக்க, 1898ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அவ்வமைப்பு நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, அகன்ற சாலைகளை அமைத்தது. இன்று தமிழர் மிகுதியாக வாழும் மாட்டுங்காவும் அதன் திட்டத்தால் உருவானதே. ஆயினும், வீடிழந்த ஏழைகள் பலர் வேறிடங்களில் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. வாழ்வோரை விரட்டாமல் ஊரைச் சீராக்க இயலாதா? இயலும் என்று காட்டியவர் பேட்ரிக் கெடிஸ்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிறந்தார். உயிரியல் கற்ற அவர், நகரத்தையும் ஓர் உயிராகவே கண்டார். 1886ஆம் ஆண்டில் ஆனா மார்ட்டனை மணந்தார். இருவரும் எடின்பரோ நகரின் ஏழைகள் பகுதியிலேயே குடியேறினர். அண்டை வீட்டாருடன் சேர்ந்து முற்றங்களைத் தூய்மை செய்து, சுவர்களுக்கு வண்ணம் பூசினர்.

1914ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அவர் மனம் தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி, 1915ஆம் ஆண்டில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து ஆராய்ந்தார். நல்ல மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டுமே அறுத்து நீக்குவார். அதுபோலப் பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களில் மரம் நட்டால் போதும் என்றார்.

இந்தூரிலும் பிளேக் பரவியிருந்தது. வீடுகளை இடிக்க வந்தவரோ என மக்கள் கெடிஸைக் கண்டு அஞ்சினர். அவர் மன்னரிடம் ஒருநாள் அரசுரிமையைக் கேட்டுப் பெற்றார். எத்தெருக்கள் நன்கு தூய்மை செய்யப்படுகின்றனவோ, அவற்றின் வழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என அறிவித்தார். மக்கள் போட்டியிட்டுத் தம் வீடுகளையும் தெருக்களையும் சீராக்கினர். ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்களும் மாலை அணிந்து பெருமையுடன் நடந்தனர்.

1917ஆம் ஆண்டில் மூத்த மகனைப் போரிலும் மனைவியைக் காய்ச்சலிலும் இழந்தார் கெடிஸ். அத்துயரிலும் பணியை விடவில்லை. 1919 முதல் 1924 வரை மும்பைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிரான்சில் மறைந்தார்.

ஒரு தெருவின் குறையையும் நிறையையும் அங்கு வாழ்பவரே நன்கறிவர். ஆகவே, திட்டம் தீட்டுவோர் முதலில் அவர்களிடம் செல்லவேண்டும். தாராவியின் மறுசீரமைப்புப் பற்றிப் பேசப்படும் இந்நாளிலும் கெடிஸின் இக்கொள்கை எண்ணிப் பார்க்கத்தக்கது.