ஜிப் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் 'பிகே' யார்? கோடு திருட்டு வழக்கில் சிக்கி, உலகத்துக்கே ஃபார்மட்டைக் கொடுத்த பில் காட்ஸ் கதை!

மொபைலுக்கு வரும் ஜிப் ஃபைலை ஒரே தட்டில் திறந்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டு ஆப்களின் ஏபிகே ஃபைலும், இப்போதைய வேர்டு டாக்குமெண்டும்கூட உள்ளுக்குள்ளே ஜிப்தான். பொதுவாக இந்த ஃபைல்கள் தொடங்கும் முதல் இரண்டு எழுத்துகள் என்ன தெரியுமா? 'பிகே'. அதாவது, பில் காட்ஸ்.

யார் இந்த பில் காட்ஸ்?

1962 நவம்பர் 3-ம் தேதி பிறந்தவர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். 1980-களில் இன்றைக்கு இருப்பது போல இன்டர்நெட் கிடையாது. டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, 'புல்லட்டின் போர்டு' எனும் கம்ப்யூட்டர்களோடு இணைந்துதான் புரோகிராம்களைப் பகிர்ந்துகொண்டார்கள். ஃபைல் பெருசா இருந்தால் போன் பில் எகிறிவிடும். அதனால், ஃபைலைச் சுருக்கும் சாஃப்ட்வேருக்கு ஏக கிராக்கி.

அப்போது எல்லோரும் பயன்படுத்தியது 'ஆர்க்'. 1985-ல் தாம் ஹெண்டர்சன் உருவாக்கியது. அவரது எஸ்.இ.ஏ. நிறுவனம் அதன் சோர்ஸ் கோடையும் வெளியிட்டது. ஆனால், காப்புரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

வழக்கு வந்தது ஏன்?

ஆர்க் ஃபைல்களையே இன்னும் வேகமாகச் சுருக்கும் 'பிகேஆர்க்' புரோகிராமை காட்ஸ் எழுதினார். 1986-ல் அம்மாவின் துணையோடு 'பிகேவேர்' நிறுவனத்தையும் தொடங்கினார். வேகத்தைப் பார்த்து பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

1988-ல் எஸ்.இ.ஏ. வழக்குப் போட்டது. இரண்டு கோடுகளையும் ஒப்பிட்ட நிபுணர் ஒருவர், புரோகிராமர் எழுதிவைத்த குறிப்புகளும், அதிலிருந்த எழுத்துப் பிழைகளும்கூட இரண்டிலும் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரே வேலையைச் செய்யும் புரோகிராமை இரண்டு பேர் தனித்தனியாக எழுதலாம். ஆனால், ஒரே எழுத்துப் பிழையைத் தனித்தனியாகச் செய்வது கஷ்டம்தானே! கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் 62,500 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

ஆனால், புல்லட்டின் போர்டு மக்கள் என்ன செய்தார்கள்? சின்னப் பையனைப் பெரிய கம்பெனி மிரட்டுவதாக நினைத்து ஆர்க்கைப் புறக்கணித்தார்கள். உண்மையில் எஸ்.இ.ஏ.வும் ஒரு குட்டி நிறுவனம்தான். சட்டப்படி தன் உரிமையைக் காப்பாற்றிக்கொண்ட ஹெண்டர்சன், பயனர்களை இழந்தார்.

ஜிப் பிறந்த கதை

1989-ல் புதிதாக 'பிகேஜிப்' புரோகிராமை வெளியிட்டார் காட்ஸ். புரோகிராமின் உரிமை அவரிடம். ஆனால், ஜிப் ஃபைல் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்ற விவரத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். அந்த விவரத்தை வைத்து, 'இன்ஃபோ-ஜிப்' குழுவின் தன்னார்வலர்கள் இலவச புரோகிராம்களை எழுதினார்கள். 1993-ல் பிகேஜிப்பில் வந்த அவரது 'டிஃப்ளேட்' சுருக்கும் முறைதான் இன்றைக்கு பிஎன்ஜி படங்களிலும் இருக்கிறது.

சோகமான முடிவு

தொழிலில் ஜெயித்தாலும் மதுப் பழக்கம் காட்ஸை விடவில்லை. 2000 ஏப்ரல் 14-ம் தேதி, மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார். நாள்பட்ட மதுப் பழக்கத்தால் கணையத்தில் ஏற்பட்ட ரத்தக்கசிவே காரணம். அப்போது அவருக்கு வயது வெறும் 37.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

கோடு பகிரும் தளங்களில் இன்றைக்கும் இதே கேள்விதான். கண்ணுக்குத் தெரிகிற கோடு எல்லாம் சும்மா எடுத்துக்கொள்ளும் கோடு கிடையாது. எழுதியவர் எந்த லைசென்ஸில் கொடுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். லைசென்ஸே இல்லை என்றால், உரிமை எழுதியவருக்குத்தான். அதேசமயம், ஃபைலின் அமைப்பைத் தெரிந்துகொண்டு சொந்தமாக கோடு எழுதுவது வேறு. அடுத்தவர் கோடை அப்படியே எடுப்பது வேறு. முதலாவதற்கு ஜிப் உதாரணம். இரண்டாவதற்கு ஆர்க் வழக்கு உதாரணம். இரண்டிலும் இருப்பது ஒரே மனிதர்!