கேட்டுச் செய்த பணி

ஜூலை 14 அன்று திருச்சபை நினைவுகூரும் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் நோயாளரின் பாதுகாவலர் என்பது நமக்குத் தெரியும். அவரே ஆயுள் முழுவதும் ஒரு நோயாளியாக இருந்தார் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1550-இல் இத்தாலியின் புக்கியானிகோ என்ற ஊரில் பிறந்தவர். தந்தையைப் போலவே போர்வீரர், சூதாட்டப் பிரியர். இளமையில் காலில் வந்த புண் கடைசிவரை ஆறவே இல்லை. அதற்காக 1571-இல் உரோமையில் புனித யாக்கோபு மருத்துவமனைக்குச் சென்று, அங்கேயே வேலையும் செய்தார். சீட்டாட்டமும் சண்டையும் தாங்காமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1575 பிப்ரவரி 2-ஆம் நாள் மனம் மாறி, கப்புச்சின் சபையில் சேர்ந்தார். துறவற உடை உரசி, புண் மீண்டும் பெரிதாயிற்று. அங்கிருந்தும் அனுப்பப்பட்டார். போக்கிடம் அதே மருத்துவமனைதான்!

இம்முறை அங்கே நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. கூலிக்காக மட்டும் வேலை செய்தவர்களிடம் நோயாளர் படும் பாட்டைக் கண்டார். கண்டிப்பால் மட்டும் அது மாறவில்லை. எனவே அன்பின் பொருட்டுப் பணிசெய்யும் தோழர்களை 1582 முதல் தேடினார். 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அக்குழுவை ஏற்றார்.

அவர்களுக்கு அவர் வகுத்த ஒழுங்குகளில், நோயுற்ற ஒரே மகனைக் கவனிக்கும் தாயின் உள்ளத்தை இறைவனிடம் மன்றாடிப் பெறும்படி கேட்கிறார். கடுஞ்சொல் கூடாது என்கிறார். நோயாளரைத் தம் எஜமானர்கள் என்றே கருதினார். எஜமானரிடம் கேட்காமல் யார் வேலை செய்வார்?

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்கலாம். நோயாளி ஒத்துழைப்பதில்லை என்ற குறை மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கிறது. ஆனால் அதட்டலுக்குப் பயந்தவர் வலியை மறைப்பார். மாத்திரை எதற்கென்று விளங்காதவர் வீட்டுக்குப் போனதும் நிறுத்திவிடுவார். கேட்கப்பட்டவரே வாய் திறப்பார், தானும் ஐயங்களைக் கேட்பார், தன் சிகிச்சையில் தானும் பங்கெடுப்பார். மருத்துவம் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. மனித மனம் அப்படியேதான் இருக்கிறது. கமில்லஸ் இதைக் கட்டிலில் படுத்தே கற்றிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

1614-இல் இறந்தார். இறுதிக் காலத்தில் தமக்குப் பணிவிடை செய்ய வந்தவர்களை மற்ற நோயாளரிடம் அனுப்பிவிடுவாராம். நிற்க முடியாதபோதும், இரவில் படுக்கையைவிட்டு இறங்கி, கட்டில் கட்டிலாகத் தவழ்ந்து போய், ஏதேனும் வேண்டுமா என்று விசாரித்து வந்தார் என்கிறது அவரது வரலாறு.