42 வயதில் மறைந்த இன்ஜினீயர்... ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை உருவாக்கிய ஆர்.ஜே.மிட்செல் யார்?

பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம், நீங்கள் முதலில் செய்த விமானம் எது என்று கேட்டுப் பாருங்கள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், பலர் சொல்லும் பதில் ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் அது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-ல் அதன் முதல் விமான கிட்டாக வெளியிட்டதும் இதைத்தான்.

அந்த கிட்டின் அளவு 1:72. அதாவது, நிஜத்தில் 6 அடி உயரமுள்ள மனிதர் இதில் 1 அங்குலம்தான் இருப்பார். 11.23 மீட்டர் அகலமுள்ள இறக்கை 15.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த விமானத்தை முதன்முதலில் காகிதத்தில் வரைந்த குழுவின் தலைவர் ரெஜினால்ட் ஜோசப் மிட்செல். போர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துபோனார். தான் உருவாக்கிய விமானம் ஒரு நாட்டையே காக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ரயில் இன்ஜின் பட்டறையிலிருந்து...

1895 மே 20 அன்று, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பிறந்தார் மிட்செல். அப்பா பள்ளி ஆசிரியர். பிறகு அச்சகத் தொழிலுக்கு மாறியவர். விமானம் என்ற ஒன்றே புதிதாக இருந்த காலம் அது. சிறுவன் மிட்செல் வீட்டிலேயே சின்னச் சின்ன மாதிரி விமானங்கள் செய்து பறக்கவிடுவார். அப்போது கிட் எல்லாம் கடையில் கிடைக்காது. குச்சி, காகிதம், சொந்த யோசனை... அவ்வளவுதான்.

16 வயதில், ரயில் இன்ஜின் தயாரிக்கும் கெர் ஸ்டூவர்ட் நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, இரவில் தொழில்நுட்ப வகுப்பு. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. 1917-ல் சவுத்தாம்ப்டனில் இருந்த சூப்பர்மரைன் என்ற கடல் விமான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு, தன்னைவிட 11 வயது மூத்தவரான ஃப்ளோரன்ஸ் டேசனைத் திருமணம் செய்துகொண்டார். அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை.

1919-ல் மிட்செல் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 24.

ரேஸ் கற்றுக்கொடுத்த பாடம்

அந்தக் காலத்தில் ஷ்னைடர் கோப்பை என்று ஒரு போட்டி ரொம்பப் பிரபலம். நீரில் இறங்கும் கடல் விமானங்களுக்கான வேகப் போட்டி அது. இதற்காக மிட்செல் வடிவமைத்த எஸ்.4 விமானம், 1925-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் போட்டிக்கு முன்பே விழுந்து நொறுங்கியது. விமானி உயிர் பிழைத்தார். மிட்செல் அந்த வடிவத்தோடு மல்லுக்கட்டாமல், புதிதாக வரைய ஆரம்பித்தார்.

1927-ல் வெனிஸ் நகரில் எஸ்.5 வென்றது. 1929-ல் எஸ்.6 வென்றது. 1931-ல் எஸ்.6பி பறந்தபோது எதிரில் போட்டியாளரே இல்லை. மூன்றாவது தொடர் வெற்றி என்பதால் கோப்பை நிரந்தரமாக பிரிட்டனுக்குச் சொந்தமானது. அதே மாதத்தில் எஸ்.6பி மணிக்கு 655 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனையும் படைத்தது.

அந்த 1931 முயற்சிக்கு பிரிட்டிஷ் அரசு பணம் தர மறுத்திருந்தது. லேடி ஹூஸ்டன் என்ற செல்வந்தப் பெண்மணி கொடுத்த 1 லட்சம் பவுண்டுதான் கைகொடுத்தது.

முதல் போர் விமானம் ஃபெயில்!

ரேஸில் ஜெயித்தவருக்குப் போர் விமானம் சுலபமாக வந்திருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. விமானப்படை கேட்டதற்காக அவர் செய்த டைப் 224, 1934 பிப்ரவரியில் பறந்தது. தடித்த இறக்கை, மடக்க முடியாத சக்கரங்கள், சரியாக வேலை செய்யாத நீராவிக் குளிரூட்டும் முறை. வேகம் மணிக்கு 370 கி.மீ.கூட வரவில்லை. ஆர்டர் இரட்டை இறக்கை கொண்ட கிளாடியேட்டர் விமானத்துக்குப் போனது.

அதற்கு முன்பே இன்னொரு பெரிய அடி விழுந்திருந்தது. 1933 ஆகஸ்ட்டில் மிட்செலுக்கு மலக்குடல் புற்றுநோய் எனத் தெரியவந்து பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. மலத்தை வெளியேற்ற வயிற்றில் துளையிட்டு, பை பொருத்தினார்கள். நோய் திரும்ப வரலாம் என்பது அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் மிகச் சிலரிடம் மட்டுமே விஷயத்தைச் சொன்னார். ஓய்வெடுக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால், அவர் வேலைக்குத் திரும்பினார். அதோடு நிற்காமல், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு 1934-ல் லைசென்ஸும் வாங்கினார்.

இறக்கை ஏன் அப்படி இருக்கிறது?

மாடல் கிட் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த நீள்வட்ட இறக்கைதான். அழகுக்காக வைத்தது அல்ல அது. வேகம் வேண்டுமென்றால் இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் 8 துப்பாக்கிகளும், மடக்கிய சக்கரங்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். நீள்வட்ட வடிவில், இறக்கையின் பெரும்பகுதி அகலமாகவே நீண்டு, நுனிக்கு அருகில்தான் சட்டெனக் குறுகும். அதனால் மெல்லிய இறக்கைக்குள்ளும் இடம் கிடைத்தது. காற்றின் இழுவிசையும் குறைந்தது.

இதில் மிட்செல் தனி ஆள் இல்லை. இறக்கையின் காற்றியக்கக் கணக்குகளில் கனடாவைச் சேர்ந்த பெவர்லி ஷென்ஸ்டோனுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின். குழுவினர் வரைந்ததைப் பார்த்து, வாதம் செய்து, எது சரி என்று முடிவெடுப்பதுதான் மிட்செலின் பலம்.

பட்டாணி ஒட்டிய விமானம்

மாடல் செய்பவர்கள் இன்றும் மணிக்கணக்கில் விவாதிக்கும் ஒரு விஷயம் ரிவெட். தகடுகளை இணைக்கும் அந்த ஆணிகளின் தலை புடைத்திருக்க வேண்டுமா, சமமாக இருக்க வேண்டுமா? நிஜ ஸ்பிட்ஃபயரிலும் இதே கேள்வி வந்தது. தலை சமமாக இருந்தால் வேகம் கூடும், செலவும் கூடும். எங்கே அவசியம், எங்கே தேவையில்லை?

விடை தேட உடைத்த பட்டாணியை எடுத்தார்கள். விமானத்தின் சமமான ரிவெட்கள் மேல் ஒவ்வொன்றாகப் பட்டாணியை ஒட்டிப் பறந்தார்கள். வேகம் மணிக்கு சுமார் 35 கி.மீ. குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பட்டாணியை உரித்துவிட்டு மீண்டும் மீண்டும் பறந்து அளந்தார்கள். இறக்கையில் சமமான ரிவெட் கட்டாயம், உடலின் பின்பகுதியில் புடைத்தது இருந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தது.

கடைசி 15 மாதங்கள்

1936 மார்ச் 5 அன்று, சவுத்தாம்ப்டன் அருகே ஈஸ்ட்லீ விமான நிலையத்திலிருந்து கே5054 என்ற எண் கொண்ட முதல் ஸ்பிட்ஃபயர் சில நிமிடங்கள் பறந்து இறங்கியது. பின்னர் நடந்த சோதனைகளில் மணிக்கு 560 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஜூன் மாதமே 310 விமானங்களுக்கு அரசு ஆர்டர் கொடுத்தது. சோதனைப் பறத்தல் நடக்கும்போதெல்லாம், உடல்நிலை சரியில்லாத மிட்செல் ஓடுதளத்தின் ஓரம் காரில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

1937 தொடக்கத்தில் புற்றுநோய் திரும்பியது. சிகிச்சைக்காக வியன்னா சென்றார். பலனில்லை. ஜூன் 11 அன்று, 42 வயதில் காலமானார். விமானப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர் போய்ச் சேர்ந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில்தான்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜோசப் ஸ்மித், அதே அடிப்படை வடிவத்தைப் போர் முழுக்க மேம்படுத்திக்கொண்டே போனார். 1948 வரை உற்பத்தி தொடர்ந்தது. 20,000-க்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் தயாராயின. சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 234-வது பிரிட்டிஷ் படைப்பிரிவும் இதை ஓட்டியது. இந்திய விமானப்படையும் ஓட்டியது.

சினிமா சொன்னதும் சொல்லாததும்

1942-ல் மிட்செலின் வாழ்க்கை படமானது. லெஸ்லி ஹோவர்ட் மிட்செலாக நடித்தார். நாட்டுக்காக உழைத்து உழைத்தே உயிரை விட்டவர் என்று படம் காட்டியது. புற்றுநோய் பற்றிப் பேசவில்லை. அந்தக் கதைதான் மக்கள் மனதில் நின்றது.

ஸ்பிட்ஃபயர் தனி ஆளாக பிரிட்டனைக் காப்பாற்றியது என்பதும் முழு உண்மை இல்லை. 1940 பிரிட்டன் வான்போரில் எண்ணிக்கையில் அதிகம் இருந்ததும், அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதும் ஹாரிக்கேன். ஆனால், வேகமான ஜெர்மன் போர் விமானங்களோடு சரிக்குச் சரி நிற்க ஸ்பிட்ஃபயர் இல்லாமல் முடிந்திருக்காது.

மிட்செல் கண்ணால் பார்த்த அந்த முதல் கே5054 இன்று இல்லை. பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று ஃபார்ன்பரோவில் தரையிறங்கும்போது விபத்தில் சிக்கியது. விமானியும் உயிரிழந்தார். இப்போது டாங்மியர் அருங்காட்சியகத்தில் நிற்பது அதன் முழு அளவு மாதிரி. 1:72 இல்லை, 1:1.